பன்றிக் காவலர் மெஹிட்டபெல் கட்வொர்த்

போன மாதம் மெஹிட்டபெல் கட்வொர்த் அம்மாவை அடக்கம் செய்தோம். கல்லூரியிலிருந்து நேராக எங்கள் ஊர்ப் பிரசங்க மேடையில் வந்து இறங்கியிருக்கிற புதுப் பாதிரியார் நீளமாகப் பேசினார். ‘அடக்கமே வடிவானவர், கணவரின் நிழலில் அமைதியாக வாழ்ந்து மறைந்தவர்’ என்றார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு இருமல் வந்துவிட்டது. முன் வரிசை நான் உழைத்து வாங்கிய இடம், எவனும் தானமாகக் கொடுத்ததில்லை. நான் இருமிய இருமலில் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

கல்லறைக் கல்லிலும் அதே கதைதான். ‘எலியேசர் கட்வொர்த்தின் மனைவி’ என்று வெட்டி நிறுத்திக்கொண்டார்கள். அந்த எழுத்துக்குக் கீழே இப்போது ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. ‘இந்த அலங்கோலத்தைச் செய்தது யார்?’ என்று பாதிரியார் கேட்டாராம். நான்தான் செய்தேன். கல்லில் துளை போட்டு, ஈயம் காய்ச்சி ஊற்றி, என் கையால் இறக்கினேன். அது பன்றி மூக்கில் போடுகிற வளையம். ஏன் அங்கே போட்டேன் என்று தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜோவாப் ஹாட்ச். வெஸ்கட் ஊரின் கொல்லன். என் அப்பா மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளை ஊரே எடுத்து யாராவது பண்ணைக்காரரிடம் கட்டிவிடும். இருபத்தொரு வயது வரை அவர் போடுகிறதைத் தின்று அவர் சொல்கிற வேலையைச் செய்ய வேண்டும். அப்படி ஏழு வயதில் என்னைப் பார்ஸ்டோ பண்ணையில் கட்டினார்கள். குளிர்காலத்தில் இரண்டு தடவை பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் படிப்பு. அங்கிருந்து வெளியே வந்தபோது என்னிடம் இருந்தது இரண்டு கை. இன்றைக்கு இந்த ஊரில் கீல், தாழ்ப்பாள், கலப்பைக் கொழு என்று எதைத் தொட்டாலும் அது என் சம்மட்டி பட்டதாக இருக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

மெஹிட்டபெல் பக்கத்து ஊர்ப் பாதிரியாரின் மகள். அண்ணன் தம்பிகளைக் கல்லூரிக்கு அனுப்பினார் அவர் அப்பா. மகளை ராட்டையில் உட்காரவைத்தார். இந்தப் பெண் ராட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் அப்பாவின் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நூற்றிருக்கிறது. நூல் முடிச்சு முடிச்சாக வந்ததாம். ‘என் நூலைப் பார்த்தா நான் எந்தப் பக்கத்துல கோபப்பட்டேன்னு சொல்லிடலாம்’ என்று அவரே சிரித்துச் சொல்வார்.

எலியேசர் கட்வொர்த்தைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். எலியேசர் நல்ல மனிதர். வக்கீல் படித்தவர், கை மெல்லிசு, குரல் கம்பீரம். ஊர் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. அன்றிலிருந்து அவர் சபை கூடுகிற பாஸ்டனிலேயே கிடந்தார். கடலுக்கு அந்தப் பக்கத்து அரசனோடு சண்டை மூண்ட பிறகு அறுவடைக்கு ஒரு எட்டு, பனிக்கு ஒரு எட்டு என்று வந்துபோனார். பண்ணை முழுக்க இந்த அம்மாவின் தலையில். உழவுக்கு ஆள் பிடித்தார். வெடிமருந்துக்கு வெடியுப்பு காய்ச்சினார். அம்மை குத்திக்கொண்டால் செத்துவிடுவோம் என்று ஊரே பயந்து கதவடைத்தபோது, தன் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் குத்திக்கொண்டு வந்தார். விடுதலையான கறுப்பர் வீட்டுப் பெண் ஒன்றைத் தன் மகள்களோடு சேர்த்து அடுப்படியில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ‘எங்க பிள்ளைங்க அதோட சேர்ந்து படிக்கணுமா?’ என்று கேட்க வந்த பெண்களிடம், ‘உங்க பிள்ளைங்களை நான் கூப்பிடவே இல்லையே’ என்று கதவைச் சாத்தினார்.

சபையில் எலியேசர் பேசிய பேச்சு பத்திரிகையில் வரும். அந்தப் பேச்சில் பாதி இந்த அம்மா கடிதத்தில் எழுதி அனுப்பியது என்பது ஊருக்கே தெரியும். அம்மாவுக்கு இருந்த ஒரே வாய் எலியேசரின் அந்தச் சட்டசபை நாற்காலிதான். இது மறக்கக் கூடாத விஷயம். பின்னால் வருகிறது.

இப்போது பன்றி.

எங்கள் ஊரில் மார்ச் மாதக் கூட்டத்தில் ஊர் வேலைகளுக்கு ஆள் தேர்ந்தெடுப்போம். சாலைக்கு ஒருவர், வேலிக்கு ஒருவர் என்று போய், கடைசியில் பன்றிக் காவலர். சட்டம் கறாரானது. வெளியே விடுகிற பன்றிக்கு மூக்கில் வளையம் இருக்க வேண்டும். வளையம் இருந்தால்தான் பன்றி நிலத்தைக் கிளறாது. இல்லாத பன்றியைக் காவலர் பிடித்து ஊர்ப் பட்டியில் அடைக்கலாம், வளையம் போடாமல் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஆனால் நடைமுறை வேறு. அந்த வருஷம் கல்யாணமான மாப்பிள்ளை தலையில் அந்தப் பதவியைக் கட்டுவோம். புது மாப்பிள்ளை நல்ல சட்டையோடு பன்றி பின்னால் சேற்றில் ஓடினால் எப்படி இருக்கும் என்று சிரித்துவிட்டு, சாராயக் கடைக்குப் போய்விடுவோம். அதோடு சரி. எந்த மாப்பிள்ளையும் எந்தப் பன்றியையும் பிடித்ததில்லை. முக்கியமாக, கர்னல் பெலெக் பார்ஸ்டோவின் பன்றியை.

கர்னல் யார் என்றால், நான் கட்டுண்டு கிடந்த பண்ணையின் அடுத்த வாரிசு. ஊரில் பாதி நிலம் அவருக்கு. கூட்டத்துக்கு எப்போதும் அவர்தான் தலைவர். அவர் பன்றிகளும் அவரைப் போலத்தான், கேட்காமல் எந்த நிலத்திலும் நுழையும்.

அரசனோடு நடந்த சண்டையின் மூன்றாம் வசந்தம் அது. கூடத்தில் மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். கர்னல் மேடையில் நின்று தேடினார்.

“என்னப்பா, இந்த வருஷம் ஒரு மாப்பிள்ளைகூட இல்லையா?”

“எல்லாரும் பட்டாளத்துக்குப் போயிட்டானுங்க, கர்னல்.”

“அப்ப பன்னியை யாரு பாக்குறது? ஊர்ல ஆம்பளையே இல்லையா?” என்றவர், கண்ணைச் சிமிட்டினார். “இருங்க, இருங்க. கட்வொர்த் வீட்டுல ஒரு ஆம்பளை இருக்காரே! பாவாடை கட்டியிருக்காரு, அதான் நமக்குத் தெரியல!”

கூடம் அதிர்ந்தது. ஒருவன் பெஞ்சியைத் தட்டினான், ஒருவன் தொப்பியை மேலே எறிந்தான்.

“மெஹிட்டபெல் கட்வொர்த்! பன்னிக் காவலர்! சம்மதம்னா கை தூக்குங்க!”

எல்லாக் கையும் மேலே போயிற்று. என் கையும்தான். சிரித்துக்கொண்டே தூக்கினேன். ஆனாலும் அன்று அந்தக் கூடத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன். ஊர் எழுத்தர் எதையும் யோசிக்கிற ஆள் இல்லை. கை தூக்கினால் எழுதுவார். எழுதிவிட்டார்.

மறுநாள் காலை மெஹிட்டபெல் அம்மா எழுத்தர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, ‘உறுதிமொழி எடுக்க வந்திருக்கேன்’ என்றாராம். எழுத்தருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பதவியை மறுத்தால் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஏற்றால் என்ன செய்வது என்று எவனும் யோசித்ததில்லை. வேதத்தை நீட்டினார். அம்மா கைவைத்து உறுதிமொழி எடுத்துவிட்டு நேராக என் உலைக்கு வந்தார்.

“ஹாட்ச், பன்னி மூக்குக்கு வளையம் அடிச்சுத் தருவியா?”

“எத்தனை வேணும்மா?”

“ஊர்ல எத்தனை மூக்கு இருக்கோ அத்தனை.”

“அம்மா... அது விளையாட்டுக்குச் செஞ்சது. கர்னல் சும்மா...”

“தெரியும். நீங்க சிரிச்ச சத்தம் என் கோழிக்கூடு வரைக்கும் கேட்டுச்சு.” கையுறையைக் கழற்றி உலையில் கைகாட்டிக் குளிர் காய்ந்தார். “மாட்டேன்னா அபராதம். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவ, ஹாட்ச். துருத்தியை ஊது.”

ஊதினேன்.

அவர் ஏன் அதைப் பிடித்துக்கொண்டார் என்றால், அதற்குக் காரணம் கெசியா நாஷ். கெசியாவின் புருஷன் பட்டாளத்தில் இருந்தான். உயிரோடு இருந்தானா என்பதுகூட அப்போது தெரியாது. சின்னச் சின்னதாக மூன்று பிள்ளைகள், மேட்டில் ஒரு துண்டு மக்காச்சோள நிலம். முந்தின வருஷம் அந்தச் சோளத்தைக் கர்னலின் பன்றிகள் முளையிலேயே கிளறிப்போட்டன. குளிர்காலம் முழுக்க கெசியா கிளிஞ்சல் தோண்டிப் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தாள். ஏழைகளைப் பார்த்துக்கொள்கிற ஊர்ப் பெரியவர்கள் அவளிடம் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு வருஷம் விளையவில்லை என்றால் பிள்ளைகளைக் கட்டிவிட வேண்டியதுதான், கர்னல் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்று. கேட்டீர்களா? விளைச்சலைத் தின்றது அவர் பன்றி. பிள்ளைகள் போகப்போவதும் அவர் பண்ணைக்கு. நான் தூங்கின அதே வைக்கோலில் அந்தப் பிள்ளைகள் தூங்கும். அதை நினைத்தால் சம்மட்டி என் கையில் தானாகவே கொஞ்சம் பலமாக விழுந்தது.

வசந்தம் வந்தது. கர்னல் ஒரு பன்றிக்கும் வளையம் போடவில்லை. மெஹிட்டபெல் அம்மா அவர் வீட்டுக்கே நடந்துபோய் எச்சரித்தார். கர்னல் அவருக்கு ஒரு கோப்பை சாராயம் கொடுத்து, ‘காவலருக்கு வாழ்த்து!’ என்று வேலையாட்கள் முன்னால் குடித்துக் காட்டினாராம். அம்மா குடிக்காமல் கோப்பையை வேலி மேல் வைத்துவிட்டு வந்தார்.

ஓடையில் மீன் ஏறுகிற பருவத்தில் எங்கள் பக்கம் சோளம் ஊன்றுவோம். குழிக்கு ஒரு மீன் புதைத்து அதன்மேல் விதை போடுவோம். எருவுக்கு அதைவிட நல்லது கிடையாது. பன்றிக்கும் அதைவிட நல்ல விருந்து கிடையாது. கெசியா நிலம் முழுக்க ஊன்றி முடித்த மறுநாள் காலை அவள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். கர்னலின் பன்றிக் கூட்டம் மேட்டில் ஒரு ஓரத்திலிருந்து மீனைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தது.

நான் தடியோடு கிளம்பினேன். போவதற்குள் மெஹிட்டபெல் அம்மா அங்கே நின்றார். தடி இல்லை. இடுப்பில் ஒரு கூடை, கூடையில் மீன்.

“அடிக்காதே ஹாட்ச். அடிச்சா சிதறும்,” என்றார். ஒரு மீனை எடுத்துப் பெரிய கிழப் பன்றியின் மூக்குக்கு முன்னால் போட்டார். அது தின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. “வாங்க கனவான்களே. விருந்து இந்தப் பக்கம்.”

சிரிக்காமல் என்ன செய்வேன்? முன்னால் சட்டசபை உறுப்பினரின் மனைவி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீன் போட்டபடி நடக்கிறார். பின்னால் கர்னலின் செல்வம் அத்தனையும் வரிசையாக உறுமிக்கொண்டு போகிறது. கடைசியில் கெசியா துடைப்பத்தோடு. சபைக்கூடம் தாண்டி, சாராயக் கடை தாண்டி, ஊரே கதவில் நின்று பார்க்க, என் உலைக்குப் பக்கத்தில் இருக்கிற கல் பட்டிக்குள் கடைசி மீன் விழுந்தது. பட்டிக்குச் சாவி வைத்திருப்பவன் நான். பூட்டும் நான் செய்தது. பூட்டினேன்.

நிலத்தில் பாதிக்கு மேல் தப்பித்திருந்தது. அழிந்த மிச்சத்தை அன்றே நாங்கள் மறுபடி ஊன்றினோம்.

மதியத்துக்குள் கர்னல் வந்தார், குதிரையிலிருந்து இறங்காமலே.

“ஏய் ஜோவாப். சாவியைக் குடு.”

“குடுக்கலாம் கர்னல். காவலர் சொல்லணும்.”

“காவலரா? அடேய், அது தமாஷுடா!”

“பன்னிங்களுக்கு அது தெரியாது போல கர்னல். நிஜமாவே உள்ள இருக்குதுங்க.”

“எங்கப்பன் போட்ட ரொட்டியைத் தின்னு வளந்தவன்டா நீ!”

“தின்னேன். தின்னதுக்கு இருபத்தொரு வயசு வரைக்கும் உங்க சாணியை அள்ளினேன். அதோட தீந்துச்சு.”

சவுக்கை ஓங்கினார். என் கையில் சிவக்கக் காய்ந்த இரும்பு இருந்தது. குதிரை என்னைவிடப் புத்திசாலி, பின்வாங்கிவிட்டது.

போகும்போது அவர் சொன்னதுதான் விவகாரம். “அவ புருஷன் நாற்காலி இந்த மாசம் ஓட்டுக்கு வருதுல்ல? என் பன்னி உள்ள இருந்தா அவன் வெளிய. அவகிட்டப் போய்ச் சொல்லு.”

சொன்னேன். முதல் தடவையாக அம்மாவின் முகம் வாடிப் பார்த்தேன்.

அந்த வாரம் எலியேசர் தேர்தலுக்காக வீடு வந்தார். நான் அவர்கள் அடுப்படியில் பானை தொங்குகிற இரும்புக் கையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். போகிறேன் என்றேன். ‘நீ இரு ஹாட்ச், நீயும் கேளு’ என்றார் அம்மா. மேசையில் பீன்ஸும் பன்றி இறைச்சியும். எலியேசர் தொடவில்லை.

“மெஹிட்டி, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. இந்த வருஷம் புது அரசியல் சட்டமே எழுதப் போறோம். நான் அங்க இருக்கணும். பன்னியை விட்டுடு. ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிடு. நான் அங்க போய் உனக்காகப் பேசுறேன்.”

“எத்தனை வருஷமா எனக்காகப் பேசுறீங்க, மிஸ்டர் கட்வொர்த்?”

“நீ சொன்னதை எல்லாம் பேசியிருக்கேன்.”

“பொம்பளை சம்பாதிச்சது அவளுக்கே சொந்தமா இருக்கணும்னு எழுதி அனுப்பினேனே. அது?”

எலியேசர் ரொட்டியைக் கிள்ளினார். “சொன்னேன்.”

“சொன்னப்போ?”

“...சிரிச்சாங்க.”

“பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்?”

“அதுக்கும்.”

“இங்கயும் சிரிச்சாங்க,” என்றார் அம்மா. “ஆனா இங்க எழுதிட்டாங்க. ஊர்ப் புத்தகத்துல என் பேரு இருக்கு, வேலை இருக்கு. எனக்கு இது வரைக்கும் யாரும் சிரிச்சுக்கிட்டாவது ஒண்ணு குடுத்தது கிடையாது.”

“அந்த நாற்காலி போயிட்டா உனக்குத்தான் நஷ்டம். என் வாயால பேசுறது நீதானே.”

“அது தெரியாமலா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கேன்?” எலியேசர் தொடாத தட்டை எடுத்து ஒதுக்கிவைத்தார். “கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராஜாவை நாம தேர்ந்தெடுக்கல, அவன் சொல்ல நாம கேக்க மாட்டோம்னு பிள்ளைங்களைச் சாகக் குடுக்கிறீங்க. என்னை ஆளுறவங்கள்ல யாரை நான் தேர்ந்தெடுத்தேன்?”

எலியேசர் மெல்லச் சிரித்தார். “என்னைத் தேர்ந்தெடுத்தியே.”

“ஆமா. அந்த ஒரு ஓட்டுத்தான். அப்புறம் தேர்தலே நடக்கல.”

எனக்குச் சிரிப்பு வந்து, இரும்புக் கையில் தலையை இடித்துக்கொண்டேன். எலியேசர் சிரிக்கவில்லை. இருட்டுகிற வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதக் கூட்டம். கூடம் நிரம்பி வழிந்தது. பெண்களுக்குக் கூட்டத்தில் பேச்சில்லை. ஆனால் கூடத்தின் மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது ஊர்ப் பழக்கம். வழக்கமாக ஒருத்தியும் வரமாட்டாள். அன்று மாடம் முழுக்கத் தலைகள், முன்னால் கெசியா தன் பிள்ளைகளோடு. மெஹிட்டபெல் அம்மா மட்டும் மாடத்துக்குப் போகவில்லை. ஊர் அதிகாரிகள் உட்கார்கிற பெஞ்சியில், வேலி பார்க்கிறவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வேலிக்காரர் தன் கோட்டை ஒதுக்கி இடம் கொடுத்தார்.

கர்னல் மேடையில் நின்று இனிக்க இனிக்கப் பேசினார்.

“நண்பர்களே, மார்ச்சுல ஒரு தமாஷ் பண்ணோம். தமாஷ் போதும். அந்தத் தேர்வை ரத்து பண்ணிட்டு, என் பன்னிங்களை விட்டுடலாம். ஆனா ஊர் சண்டை போட வேண்டிய அவசியமே இல்ல. எலியேசர், நீர் புருஷன். பொஞ்சாதி செய்யிறதுக்கு எல்லாம் சட்டப்படி நீர்தான் பொறுப்பு. ‘விட்டுடு’ன்னு ஒரு வார்த்தை சொல்லும். அப்புறம் நாம எல்லாரும் சந்தோஷமா உம்ம பேரை எழுதி தொப்பியில போடுறோம். இல்லன்னா, ஊருக்கு வேற ஆளைத் தேட வேண்டியிருக்கும்.”

எல்லோரும் எலியேசரைப் பார்த்தார்கள். அம்மா பார்க்கவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலியேசர் சொல்லிவிட்டால் முடிந்தது. சட்டத்தில் அவர் சொல்லுக்கு மேல் இவருக்குச் சொல் கிடையாது. கெசியாவின் பிள்ளைகள் கதியும் அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்கியது.

எலியேசர் எழுந்தார்.

“கர்னல், என் பொஞ்சாதிக்கு நான் உத்தரவு போடலாம். சட்டம் அப்படித்தான் சொல்லுது, அது நல்ல சட்டமான்னு நான் இப்போ சொல்ல வரல. ஆனா அந்த பெஞ்சில உக்காந்திருக்கிறது என் பொஞ்சாதி இல்ல. நீங்க எல்லாரும் கை தூக்கி வச்ச அதிகாரி. ஊர் அதிகாரிக்கு உத்தரவு போட எனக்கு யாரும் அதிகாரம் குடுக்கல. நீங்க வேணும்னா எடுத்துக்கங்க. ஊர் கை தூக்கட்டும்.”

உட்கார்ந்துவிட்டார். அவர் பாஸ்டனில் பேசியது எல்லாம் பத்திரிகையில் வந்திருக்கிறது. இது எதிலும் வரவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

கர்னல் முகம் சிவந்தது. “சரி! ரத்து பண்ணச் சம்மதம்னா கை தூக்குங்க!”

இங்கேதான் கர்னல் கோட்டைவிட்டார். கை தூக்குவது என்றால் எல்லோரும் பார்க்கத் தூக்க வேண்டும். கீழே இருந்த ஆண்கள் கையை அரைவாசி எடுத்தார்கள், எடுத்தபடியே மேலே மாடத்தைப் பார்த்தார்கள். அங்கே அவரவர் பெண்டாட்டிகள். ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்: “தூக்குங்களேன். ராத்திரி சாப்பாட்டுக்கு எங்க போவீங்கன்னு பாக்குறேன்.” கைகள் எல்லாம் காதைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டன. மேலே நின்றது மூன்று கை. ஒன்று கர்னலின் தம்பியுடையது, மற்ற இரண்டும் அவரிடம் வேலை பார்க்கிறவர்களுடையது.

ஆனால் நாற்காலிக்கான ஓட்டு தொப்பியில் போடுகிற சீட்டு. அதை எந்தப் பெண்டாட்டியும் பார்க்க முடியாது. பன்றி விஷயத்தில் பட்ட அவமானத்தை எல்லாம் எங்கள் ஊர் ஆண்கள் அந்தத் தொப்பியில் கொட்டினார்கள். எண்ணியபோது கர்னல் பார்ஸ்டோதான் சட்டசபை உறுப்பினர். எலியேசர் தோற்றார். நான் போட்டது எலியேசருக்கு. எவனாவது இல்லை என்று சொன்னால் உலைக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

மெஹிட்டபெல் அம்மா எழுந்து நடந்துபோனார். வாசலில் நான் பின்னாலேயே போனேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“அம்மா, நாற்காலி...”

“போச்சு ஹாட்ச். எனக்கு வலிக்குது, வலிக்கலைன்னு சொல்ல மாட்டேன்.” இடுப்பில் கட்டியிருந்த முன்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வளையம் எல்லாம் தயாரா?”

“எப்பவோ தயார்.”

மறுநாள் கர்னல் வந்தார். பாஸ்டனுக்குப் புறப்பட வேண்டும், பன்றிகளை அப்படியே விட்டுப்போக முடியாது. வளையம் போடாமல் பட்டி திறக்காது. போட்டுத்தான் ஆக வேண்டும். அவர் வேலையாட்கள் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று ஒதுங்கி நின்றார்கள். பெரிய பன்றியைப் பிடிக்க எனக்கு ஒரு கை வேண்டியிருந்தது.

எலியேசர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார். அந்த மெல்லிசுக் கையால் பன்றியின் பின்னங்காலைப் பிடித்தார். முதல் பன்றி அவரைச் சேற்றில் இழுத்துப் புரட்டிவிட்டது. ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார். ஒரு மார்ச்சில் அவர் மாப்பிள்ளையாக இருந்தபோதுகூட அந்த ஓட்டத்தை அவர் ஓடியதில்லை.

மெஹிட்டபெல் அம்மா ஒவ்வொரு மூக்காகக் குனிந்து பார்த்தார். வளையம் சரியாக இறங்காத ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

கர்னல் குதிரைமேலிருந்து பல்லைக் கடித்தார். “ஜெயிச்சிட்டதா நினைக்காதேம்மா. உங்க வீட்டு நாற்காலியில இப்போ நான் உக்காந்திருக்கேன்.”

“நல்லா சாஞ்சு உக்காருங்க கர்னல்,” என்றார் அம்மா நிமிராமலே. “அங்க போய் என்ன சட்டம் வேணும்னாலும் போடுங்க. திரும்பி வர்றப்போ உங்க பன்னி இந்தத் தெருவுல வளையத்தோடதான் நடக்கும். என் வேலை அடுத்த மார்ச் வரைக்கும் இருக்கு.”

மாடத்தில் இருந்த பெண்கள் எல்லாம் இப்போது என் உலைச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கெசியா தன் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். அந்த இலையுதிர் காலத்தில் அவள் வீட்டுச் சோளத்தை நான்தான் வண்டியில் ஏற்றினேன். ஏழைகளைப் பார்க்கிற ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. அந்தப் பிள்ளை இன்று சொந்தப் படகு வைத்திருக்கிறான். யாரிடமும் கட்டுண்டு கிடந்தவன் இல்லை. போன மாதம் அம்மாவின் சவப்பெட்டியை அவனும்தான் தூக்கினான். மெஹிட்டபெல் அம்மாவை ‘நிழலில் வாழ்ந்தவர்’ என்று சொன்ன பாதிரியார் அவனைக் கேட்டிருக்கலாம்.

கடைசியாகக் கூட்டத்தின் கிழப் பன்றி மட்டும் மிச்சம். அது என்னையும் எலியேசரையும் மாறி மாறிப் பார்த்து உறுமியது. எலியேசருக்குத் தலை முதல் கால் வரை சேறு, ஒரு காலணி எங்கேயோ போய்விட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“காவலரே, இதுக்கு எந்தக் காலைப் பிடிக்கணும்?”

“இடது காலு,” என்றார் மெஹிட்டபெல் கட்வொர்த். “இறுக்கிப் பிடிங்க, எலியேசர்.”